அருந்ததிக்குக் குளிரெடுத்த கதை

தலைகீழ்ப்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னது சொன்னபடியே நடக்கும். அதுதான் அவர்களைப் பிடித்த சனியன்.

அந்த ஊர் இருளப்பனுக்குப் பக்கத்து ஊரில் கல்யாணம், சாயங்கால முகூர்த்தம். தாலி கட்டியாயிற்று. வாசலில் நின்று அருந்ததி பார்ப்பதுதான் பாக்கி.

மாமனார் வீரணன் கறாரான ஆள். "என் கண்ணுக்கு நட்சத்திரம் தெரியாது மாப்பிள்ளே, நீங்கதான் சொல்லணும். அருந்ததி நின்னு எரிஞ்சாத்தான் பொண்ணை அனுப்புவேன். கண்ணை எடுக்காமப் பாருங்க" என்றார்.

இருளப்பனுக்குப் பகீரென்றது. புதுப்பெண் சிட்டம்மாவை விட்டுவிட்டு ஊர் திரும்புவதா? கண் கழன்று விடாதபடி இரண்டு கன்னத்தையும் தாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். வேர்த்துக் கொட்டியது.

"மாப்பிள்ளை முகத்துக்கு நேரா விசிறுங்கப்பா" என்றார் வீரணன்.

தோழன் சொரிமுத்து ஓலை விசிறியை முகத்துக்கு நேராகவே பிடித்து, மூக்கில் இடிக்காத குறையாக ஆட்டினான்.

"ஐயோ மாமா, மங்குது! இப்பத் தெரியுது... மறுபடி மங்குது!"

"எண்ணெய் தீர்ந்திருக்கும்" என்றான் சொரிமுத்து, விசிறியை நிறுத்தாமல்.

"தீர்ந்தா ஒரேயடியா அணையுமேடா" என்றான் இன்னொரு தோழன் கட்டையன். "விண்மீனுன்னுதானே சொல்றோம்? மீனுன்னா முங்கி முங்கித்தான் எந்திரிக்கும்."

"அப்ப மேலேயே நிக்க வைக்க என்ன பண்றது?" இருளப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொரி போடணும்."

கட்டையன் தட்டோடு பொரியை வானத்துக்கு வீசினான். பொரி வீரணன் குடுமியில் இறங்கியது, பின்னாலேயே தட்டும் இறங்கியது.

"கெளம்புங்கடா எல்லாரும்!" என்று மண்டையைத் தடவிக்கொண்டே கத்தினார் வீரணன்.

சிட்டம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். விசிறியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"மாமா! நின்னு எரியுது மாமா!" இருளப்பன் துள்ளினான். வீரணனும் மனசு இளகி, "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கட்டையன்தான் யோசித்தான். "விசிறுனா மங்குது, நிறுத்துனா எரியுது. ஏன்டா?"

"பாவம், குளிருல நடுங்கியிருக்கு!" என்றான் சொரிமுத்து.

நல்லது செய்த நட்சத்திரமாயிற்றே, இருளப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "போர்த்தி விடுங்கடா."

தோழர்கள் இருவரும் கூரைமேல் ஏறி ஜமுக்காளத்தை ஓங்கி வீசினார்கள். அது மணமக்கள் தலைமேல் விழுந்து இருவரையும் மூடிக்கொண்டது.

"ஐயோ, அருந்ததி சுத்தமா அணைஞ்சு போச்சு!" உள்ளேயிருந்து இருளப்பன் அலறினான்.

"கத்தாதே மாப்பிள்ளே!" கூரைமேலிருந்து சொரிமுத்து கிசுகிசுத்தான். "போர்த்தினதும் இப்பத்தான் கண்ணசந்திருக்கு."