ஓரம் கொதித்த சாம்பார் சாதம்

"நான் எப்பத்தாம்மா தயாராவேன்?"

நாச்சிமுத்து கேட்டார். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை. கரூரில் அவருடைய முதல் சொற்பொழிவுக்கு மண்டபம் பிடித்தாயிற்று. போஸ்டரும் ஒட்டியாயிற்று. வாசலில் கார் நிற்கிறது. குருவின் உத்தரவுதான் பாக்கி.

இத்தனை வருஷம் ஆசிரமத்தில் பொறுமையாக இருந்த மனிதர்தான். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

குரு மயிலம்மாள் அவரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"பசிக்குது. ஃபிரிட்ஜ்ல சாம்பார் சாதம் இருக்கு. சூடு பண்ணிட்டு வாங்க."

இவ்வளவுதானா என்று நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது.

கண்ணாடிக் கிண்ணத்தில் சாதத்தைக் கோபுரமாகக் குவித்தார். பக்தர் ஒருவர் வாங்கித் தந்த மைக்ரோவேவில் வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டார்.

ஆசிரமச் சமையலறையில் மௌனம் காக்க வேண்டும் என்பது விதி. அதனால் மைக்ரோவேவ் மணி அடிக்குமுன்பே கதவைத் திறந்துவிடுவது அவர் வழக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க," என்றார் குரு.

ஓரத்தில் ஒரு வாய் எடுத்தார். நாக்கு வெந்துபோயிற்று.

"நடுவுல?"

நடுவில் மார்கழி.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுதும்மா! ஓரம்ங்கறது உடம்பு. நடுங்கறது ஆன்மா. உடம்பு கொதிக்குது, ஆன்மா மட்டும் குளிர்ச்சியா..."

"நீங்க கிளறலை."

"அம்மா?"

"பாதியில நிறுத்திக் கிளறணும். போன வாரம் இப்படித்தான் கூட்டைச் சூடு பண்ணினீங்க. ஆசிரமமே தியானத்துல உட்கார முடியாம, கக்கூஸ் வாசல்ல வரிசையா நின்னுச்சு."

அந்த வரிசையில் முதல் ஆளே நாச்சிமுத்துதான். கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"குவிக்காம பரப்பி வைங்க. தட்டு போட்டு மூடுங்க. வேகத்தைக் குறைங்க. மணி அடிச்சா அடிக்கட்டும். அடிச்ச பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க. சூடு நடுவுக்குப் போகணும்ல?"

நாச்சிமுத்து பரப்பினார். மூடினார். பாதியில் நிறுத்திக் கிளறினார். அடியிலிருந்து சில்லென்று ஒரு கட்டி மேலே வந்தது. அதை உடைத்துவிட்டு, மறுபடி மூடினார். மணி அடித்தது. அதை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

மூடிய கிண்ணத்தைக் குருவின் முன் வைத்தார்.

குரு கையை நீட்டினார். நாச்சிமுத்து சட்டென்று தட்டின் மேல் கையை வைத்து மறித்தார். குருவையே மறித்த சீடர் அந்த ஆசிரமத்தில் அதுவரை கிடையாது.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சாமி, மண்டபம் நிறைஞ்சு போச்சாமுங்க. போன் மேல போன். கிளம்பலாங்களா?"

"இருப்பா," என்றார் நாச்சிமுத்து, கையை எடுக்காமல். "மேல ஆவி பறக்குதுன்னு அவசரப்படக் கூடாது. உள்ள இன்னும் போய்ச் சேரலை."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

குரு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் சாமி?" என்றார் டிரைவர்.

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலைப்பா. நீ மட்டும் கிளம்பு."