முள்ளோடையில் நாகம்

கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் தில்ஷாத். கடல் நீரில் என்னென்ன கரைந்திருக்கிறது, கரையோரச் சேற்றில் என்னென்ன படிந்திருக்கிறது என்று அளந்து சொல்வது அவர் வேலை. சீடர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் சும்மா இருப்பதை அவர் மனைவியால் தாங்க முடியவில்லை. அதனால் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டார். அவர் பெயர் தட்சிணாமூர்த்தி. பெயரில் மட்டும் அவர்தான் குரு.

தில்ஷாத் உள்ளே வந்தால் தட்சிணாமூர்த்தி எழுந்து நிற்பார், வழிகாட்டி என்று. தட்சிணாமூர்த்தி உள்ளே வந்தால் தில்ஷாத் எழுந்து நிற்பார், பெரியவர் என்று. யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் முதல் மாதம் முழுவதும் இருவரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

தில்ஷாத் ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்தார். ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் தூய நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அதை அங்கே திறந்து, அங்கேயே மூடி, ஓடைத் தண்ணீருக்கு என்னென்ன செய்கிறோமோ அத்தனையும் அதற்கும் செய்து அளக்க வேண்டும்.

"மேடம், ஒரு சந்தேகம். ஒண்ணுமே இல்லாத தண்ணியை எதுக்கு அளக்கணும்?"

"ஒண்ணுமே இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"பாட்டில் மேலேயே எழுதியிருக்கே. தூய நீர்னு."

தில்ஷாத் பாட்டிலை வாங்கிப் படித்துப் பார்த்தார். "ஆமா, எழுதியிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று சீடர் எடுத்துக்கொண்டார்.

ஊருக்குத் தெற்கே முள்ளோடை. கடல் உள்ளே ஏறி வந்து திரும்பும் இடம். அந்தச் சேற்றில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவி மட்டிச் சிப்பி எடுப்பார்கள். சாயங்காலம் வியாபாரியின் வேன் வரும். அந்த மட்டியை நம்பித்தான் அவர்கள் வீடுகள் ஓடின.

தங்கை பிரசவத்துக்காகத் தில்ஷாத் ஊருக்குப் போயிருந்த சமயம். தட்சிணாமூர்த்தி தனியாகப் போய் முள்ளோடைத் தண்ணீரையும் சேற்றையும் எடுத்துவந்தார். அமிலம் விட்டார், வடிகட்டினார், இயந்திரத்தில் வைத்தார். திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துத்தநாகம் எக்கச்சக்கமாக இருந்தது. திரும்ப வைத்தார். அப்படியேதான் வந்தது.

அவருக்கு வந்த மகிழ்ச்சி ஓர் ஓடை கெட்டுப்போனதைக் கண்டவருக்கு வரக்கூடாத மகிழ்ச்சி. ஆனால் வந்தது. தில்ஷாத்துக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஓடைக்குப் போனார். பெண்கள் தண்ணீரில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் காலை வணக்கக் கூட்டத்தில் பேசும் குரலில் கத்தினார்.

"எல்லாரும் கரையேறுங்க! தண்ணியில துத்தநாகம் இருக்கு!"

காற்றில் பாதி போய் மீதிதான் அவர்கள் காதில் விழுந்தது. அடுத்த கணம் ஓடையில் ஒருவரும் இல்லை. ராக்கம்மா என்ற பெண் கூடையைப் போட்டுவிட்டே கரைக்கு வந்திருந்தாள்.

மட்டி எடுப்பவர்களுக்கெல்லாம் பெரியவர் பிலோமினா. மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "எவ்வளவு நீளம் இருக்கும் வாத்தியாரே?"

"நீளம் இல்லம்மா. லிட்டருக்கு இவ்வளவுன்னு கணக்கு."

"லிட்டருக்கு ஒரு நாகமா!"

"பாம்பு இல்லம்மா. துத்தநாகம். அது ஒரு உலோகம். வாளிக்கெல்லாம் பூசுவாங்களே."

"எங்க வீட்டு வாளியிலயா? அதுலதானே குடிக்கிறோம்?"

"அது பரவாயில்லை. இது மட்டிக்குள்ள சேர்ந்துடும். சாப்பிடக் கூடாது."

சாயங்காலத்துக்குள் செய்தி இரண்டாகப் பிரிந்து பரவிவிட்டது. ஓடையில் பாம்பு என்று பாதி ஊரும், மட்டியில் விஷம் என்று மீதி ஊரும் பேசின. இரண்டையும் கேட்ட வியாபாரி வேனை அனுப்பவில்லை. அடுத்த நாளும் அனுப்பவில்லை. பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தில்ஷாத் திரும்பி வந்தபோது சீடர் வாசலிலேயே காத்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஓடைக்கு மேற்கே ஏதோ பட்டறை இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். குரு பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். தூய தண்ணி பாட்டில் என்ன சொல்லுச்சு?"

"அதை அளக்கலை மேடம். எதுக்கு வீண் வேலைன்னு…"

"இன்னிக்கு அந்த வீண் வேலையை மட்டும் செய்வோம்."

இருவரும் ஓடைக்குப் போனார்கள். சீடர் வழக்கம்போல் கையுறை போட்டுக்கொண்டு தூய நீர் பாட்டிலைத் திறந்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், மூடினார். ஆய்வுக்கூடத்துக்கு வந்து வழக்கம்போல் அமிலம் விட்டு வடிகட்டி அளந்தார்.

தூய நீரில் இருந்த துத்தநாகம் ஓடைத் தண்ணீரில் இருந்ததைவிட அதிகம்.

சீடர் திடுக்கிட்டார். "மேடம்! இந்தத் தண்ணியையும் கெடுத்துட்டாங்க!"

"யாரு?"

"அந்தப் பட்டறைக்காரங்கதான்."

தில்ஷாத் தூய நீர் இருந்த அதே கேனிலிருந்து இன்னொரு பாட்டிலை நிரப்பித் தானே எல்லாவற்றையும் செய்தார். திரையில் ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை.

சீடர் இயந்திரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். "மெஷின் ஆளைப் பார்த்துப் பேசுது மேடம்."

"ஆமா சார்" என்றார் தில்ஷாத்.

பிறகு மேசைமேல் ஒரு கறுப்புத் தாளை விரித்தார். "உங்க கையுறையைக் கழட்டி இதுமேல தட்டுங்க."

தட்டினார். கோலமாவு கொட்டியதுபோல் தாளில் வெள்ளையாக விழுந்தது.

"சட்டைக் காலரையும் கொஞ்சம் உதறுங்க."

இன்னும் விழுந்தது.

"வேர்க்குரு பவுடர் மேடம்" என்றார் சீடர் கூச்சத்தோடு. "இந்த வெயில்ல கையுறை போட்டா கை வெந்துபோகுது. உள்ளே கொஞ்சம் தூவிக்குவேன். கழுத்துக்கும் போடுவேன்."

"டப்பா இருக்கா?"

பையிலிருந்து எடுத்தார். தில்ஷாத் அதைப் படிக்கவில்லை. டப்பாவின் பின்பக்கத்தை அவர் பக்கமாகவே திருப்பி வைத்தார். சீடர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார்.

"ஸ்டார்ச்… சாலிசிலிக் அமிலம்… துத்தநாக ஆக்…"

அதற்குமேல் படிக்கவில்லை. துத்தநாக ஆக்சைடின் பயன்களை எழுதுக என்று வருடம் தவறாமல் கேள்வி கேட்டவர் அவர். சருமப் பவுடர் என்று எழுதாத பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். குரு நின்றுகொண்டிருப்பதை அன்று அவர் கவனிக்கவில்லை.

டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"மேடம், ஒரு யோசனை. மறுபடி சரியா எடுத்துடுவோம். அளவு குறைஞ்சுதான் இருக்கும். மழை வந்து அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடுவோம்."

"மழை பெய்யலையே சார்."

"பெய்யும் மேடம். ஐப்பசி வரட்டும்."

"அதுவரைக்கும் அவங்க என்ன சாப்பிடுவாங்க?"



மறுநாள் காலையில் இருவரும் முள்ளோடைக்குப் போனார்கள். பெண்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். வகுப்புக் குரல் தட்சிணாமூர்த்திக்கு வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நாகம் ஓடையில இல்லை. என் கையில இருந்துச்சு."

பெண்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

அவர் டப்பாவை எடுத்துக் காட்டினார். தூவியது, அது தண்ணீரில் விழுந்தது, தான் அளந்தது, ஓடிவந்து கத்தியது எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ எங்க ஓடையில ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார் பிலோமினா.

"இருக்கற மாதிரி தெரியலைம்மா."

"உங்களுக்கு வேர்க்குரு வந்ததுக்கு எங்க பிள்ளைங்க இத்தனை நாளா ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிடுதுங்க வாத்தியாரே."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிலோமினா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி கைகளைக் கூப்பினார். "தப்புதாம்மா. இப்பவே மறுபடி எடுக்கறேன். உங்க கண்ணு முன்னால."

"எடுங்க. முதல்ல கையை நீட்டுங்க."

நீட்டினார். பிலோமினா ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் கொண்டுவரச் சொன்னார். முழங்கைவரை தேய்க்க வைத்தார். மற்றவர்களும் உற்சாகமாக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"காதுக்குப் பின்னாடி வெள்ளையா இருக்கு."

"அது நரைம்மா."

"கழுத்தைக் குனிங்க. இங்க இருக்கு பாரு, மடிப்புக்குள்ள!"

திங்கட்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளின் நகத்தைச் சோதித்தவர் கழுத்தைக் குனிந்து நின்றார். ராக்கம்மா அவர் நெற்றியைக் காட்டினாள்.

"இது?"

"இது விபூதிம்மா."

"இதுல நாகம் இருக்காதா?"

சீடர் உதவிக்குக் குருவைப் பார்த்தார்.

"அளந்தாத்தான் தெரியும்" என்றார் தில்ஷாத்.

சீடர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தானே நெற்றியைக் கழுவிக்கொண்டார்.

புதுக் கையுறை போட்டுத் தண்ணீர் எடுத்தார். சேறு எடுத்தார். கடைசியில் தூய நீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஓடைக்கு நடுவே ஒரு மனிதர் பாட்டில் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பது பெண்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

"அது என்ன வாத்தியாரே, தண்ணிக்குத் துணையா தண்ணி?"

"அது ஓடையை அளக்கறதுக்கு இல்லம்மா. என்னை அளக்கறதுக்கு."

தில்ஷாத் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக் கிளம்பும்போது பிலோமினாவும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எங்கம்மா?"

"நாகம் எங்க போகுதோ அங்க."

ஆய்வுக்கூடத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிலோமினா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சீடர் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் "கை கீழே!" என்றார். மின்விசிறியை அணைக்கச் சொன்னார். சீடருக்குத் தும்மல் வந்தபோது அவரை வெளியே அனுப்பினார். எண் வந்தது. தூய நீரில் ஒன்றும் இல்லை. ஓடைத் தண்ணீர் வேறெந்த ஓடைத் தண்ணீரையும் போலத்தான் இருந்தது. சேறும் அப்படியே.

"இன்னொரு தடவை வைங்க" என்றார் பிலோமினா.

வைத்தார். மாறவில்லை.

பிலோமினா இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டார். "ஓடை நல்லா இருக்கு. வேனை அனுப்பு… வாத்தியார் சொன்னாரா இல்லையாங்கறது இருக்கட்டும். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். அனுப்பு."

மறுநாள் தில்ஷாத்தும் தட்சிணாமூர்த்தியும் கரையில் நின்றார்கள். பெண்கள் மறுபடி இடுப்பளவு தண்ணீரில் நின்று துழாவிக்கொண்டிருந்தார்கள். ராக்கம்மாவின் கையில் புதுக் கூடை. வேன் மேட்டில் வந்து நின்றது. சீடரைப் பார்த்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் பக்கத்தில் வந்தவள் முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள்.

சீடர் பெருமூச்சு விட்டார்.

"மேடம், நேத்து ஃபோன்ல அவங்க என் பேரைக்கூடச் சொல்லலை. நான் பார்த்தேன், நான் பார்த்தேன்னுதான் சொன்னாங்க."

"நானும் கேட்டேன் சார்."

"எத்தனை வருஷம் பாடம் நடத்தினவன். நான் சொன்னா யாரும் மறுபேச்சுப் பேசினது கிடையாது. அன்னிக்கு இதே இடத்துல ஒரு வார்த்தைதான் கத்தினேன். ஏன் எதுக்குன்னு கேட்காம அத்தனை பேரும் கரையேறினாங்க."

"ம்."

"இனிமே இவங்க என்னை நம்பவே மாட்டாங்களா?"

தில்ஷாத் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாட்டாங்க சார். அதனாலதான் தண்ணியில இறங்கியிருக்காங்க."