பல்லாஸ்பத்திரியை இழுத்த கதை

புங்கம்பாளையத்தில் பந்தல் போடுவதில் மாரப்பனை மிஞ்ச ஆளில்லை. பந்தலைப் பிரிக்கும்போது அதற்குள் நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்கும் அவர் மச்சினன் நாச்சிமுத்துவுக்கும் இன்னும் பிடிபடவில்லை.

மாரப்பனின் தம்பி வையாபுரிக்கு வேறு கவலை. அவன் வருவதற்குள் அவனுடைய முன்பற்கள் வந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில் பூவாத்தாள் அவனைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். இவனும் பதிலுக்குச் சிரித்தான். பக்கத்துவீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு மாதம். மணவறையிலாவது உதட்டை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று பாவம், தவியாய்த் தவித்தான்.

வீட்டுக்கு நேர் எதிரே பல்லாஸ்பத்திரி. டாக்டரம்மா இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பல்லைப் பிடுங்கி இடம் பண்ணினார். பிறகு எலும்பில் இரண்டு குட்டித் திருகாணிகளை முடுக்கி, அவற்றிலிருந்து முன்பற்களுக்கு ஸ்பிரிங் மாட்டினார்.

"கடவாய்ப் பல்லுல மாட்டி இழுத்தா அதுவும் முன்னால வந்துடும். அதான் திருகாணி. உங்க பந்தல் முளை மாதிரின்னு வெச்சுக்குங்க. அசையாத ஒண்ணுலருந்து இழுத்தாத்தான் மத்தது நகரும். மாசம் ஒரு மில்லிமீட்டர். திருகாணி மட்டும் அசையக் கூடாது, பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் மாரப்பனுக்கு உறைத்தது.

"நாச்சி, திருகாணி எங்கடா இருக்குது?"

"வாயிலீங் மாமா."

"வாய்?"

"தலையிலீங்."

"தலை நடந்து போனா?"

"ஐயையோ, திருகாணியும் கூடவே போகுமுங்!"

உடனே வாசலில் நாலு முளை அடித்து, வையாபுரியை நாற்காலியோடு இழுத்துக் கட்டினார்கள். சோறு, குளியல், தூக்கம் எல்லாம் அங்கேயே. பையனையும் குறை சொல்லக் கூடாது. தும்மல் வந்தால்கூட அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் தும்மினான்.

மாதம் முடிந்தது. பல்லைக் காட்ட வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூவரும் கூடி யோசித்தார்கள்.

"போனா அசைஞ்சுரும்," என்றார் மாரப்பன்.

"போகலீன்னா பல்லு நின்னுருமுங்கண்ணா," என்றான் வையாபுரி.

வெகுநேரம் தலையைச் சொறிந்த நாச்சிமுத்து வாயைத் திறந்தான். "மாமா, அசையாத ஒண்ணுலருந்து இழுத்தா மத்தது நகரும்னாங்களே? இந்த ஊர்லயே அசையாதது நம்ம வையாபுரிதானுங்களே?"

மாரப்பன் மச்சினனைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார்.

பந்தல் கயிற்றின் ஒரு முனையை நாற்காலியிலும் மறுமுனையை ஆஸ்பத்திரிக் கதவிலும் கட்டினார்கள். நாச்சிமுத்து ஸ்கேலோடு நடுத்தெருவில் உட்கார்ந்து கணக்குப் போட்டான்.

"நாப்பதடி தெரு, மாமா. மாசம் ஒரு மில்லிமீட்டர்னா, ஆயிரம் வருசத்துல ஆஸ்பத்திரி நம்ம வாசலுக்கு வந்துருமுங்."

வையாபுரியின் முகம் செத்துப்போனது. "ஆவணி பத்தாந்தேதி முகூர்த்தமுங்கண்ணா."

"அப்ப கொஞ்சம் அழுத்தி இழுத்துப் பாப்போம்."

மாமனும் மச்சினனும் தம் பிடித்து இழுத்தார்கள். கதவு படீரென்று திறந்தது. உள்ளேயிருந்து டாக்டரம்மா அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கெட்டுது போ!" மாரப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியை இழுத்தா டாக்டரம்மா கழண்டு வந்துட்டாங்களே!"

டாக்டரம்மா கோபத்தை அடக்கிக்கொண்டு, வந்ததுதான் வந்தோம் என்று வையாபுரியின் வாயைத் திறந்து பார்த்தார். "ஒரு மில்லிமீட்டர் உள்ள போயிருக்கு. கல்யாணத்துக்குள்ள சரியாயிடும். திருகாணி எலும்புக்குள்ள அசையாம இருந்தாப் போதும்ப்பா. நீ தாராளமா நட, ஓடு!"

வையாபுரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தான். டாக்டரம்மா தெருவைத் தாண்டும்வரை காத்திருந்த மாரப்பன், அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"கழண்டு வந்த டாக்டர் பேச்சை நம்பிக் காரியத்தைக் கெடுத்துக்காதடா தம்பி."

"சரிங்கண்ணா. ஆனா கல்யாணம் பொண்ணு ஊர்லீங்களே?"

நியாயமான கேள்விதான். பூவாத்தாளின் ஊர் பதினெட்டு மைல். மாரப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கயிறு வாங்கக் கிளம்பினார். நாற்காலியிலிருந்து வையாபுரி கூப்பிட்டுச் சொன்னான்:

"அண்ணா, இந்தத் தடவை மெதுவா இழுக்கோணும். அவசரப்பட்டா பொண்ணு மட்டும் கழண்டு வந்துரும், சமையக்காரரு அங்கயே நின்னுருவாரு!"