மூடாத மூன்று துளைகள்

எந்த நாடு, எந்த அரசன் என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள். முன்னொரு காலத்தில் ஓர் அரசன், அவ்வளவு போதும். அவன் புதிதாக ஓர் அரண்மனை கட்டினான். அம்பாரியும் கொடியுமாக யானை குனியாமல் நுழையும்படி வாசல் வைத்தான். வாசலைத் தாண்டினால் நாற்பது படிகள். படிகளை ஒட்டி முப்பது முழ உயரத்துக்கு ஒரே சுவர். சுண்ணாம்பில் முட்டை வெண்கரு கலந்து இழைத்த சுவர், முகம் பார்க்கலாம். ஆனால் உச்சியில் மூன்று சிறு துளைகளைத் தவிர, மொட்டைச் சுவர்.

அது அரசனை உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டத்தரசி தன் மிக நீளமான பட்டுத்திரையைக் கொடுத்தாள். மேல் சாளரத்திலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தால், யானைக்குக் கோவணம் கட்டியதுபோல் இருந்தது. சேனாபதி பாட்டனார் காலத்துக் கேடயங்களை அனுப்பினார். சுவரோரம் சாய்த்து வைத்தால், சாப்பிட்டுப் போட்ட தட்டுகள் மாதிரி கிடந்தன.

அரசன் சபையைக் கூட்டினான். "ஏறி வருகிறவன் இந்தச் சுவரைக் கண்டதும் வாயடைத்துத் தலை குனிய வேண்டும். இது யாரால் எழுந்தது என்று கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, வண்ணம் ஒரு சொட்டுப் படக் கூடாது, படியில் சாரம் ஊன்றக் கூடாது. யார் செய்வீர்கள்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கட்டட வேலைகளை மேற்பார்வையிட்ட பிரதானி சோலையப்பர் மட்டும் எழுந்தார். விகடகவி மாசிலாமணி பேசி அரசன் சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிற மனிதர் அவர்.

"பிரபு, வாயாலேயே கோட்டை கட்டுகிற மாசிலாமணி இருக்கும்போது கவலை எதற்கு? மூன்று நாள் கொடுங்கள். முடியாவிட்டால் மொட்டையடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம்."

அரசன் அதற்கும் சிரித்து, சரி என்றான். மாசிலாமணி சிரிக்கவில்லை. அந்தச் சுவரை அண்ணாந்து பார்க்கவே அவனுக்குக் கசந்தது. அவன் தங்கை பூவாயியின் கணவன், கொத்தனார் செங்கோடன், இரண்டு மாதத்துக்கு முன் அதன் உச்சியிலிருந்து விழுந்து செத்திருந்தான். குடித்துவிட்டு ஏறினான் என்று பிரதானி சொன்னார். மற்ற வேலைக்காரர்களுக்குப் புத்தி வரட்டுமென்று அரசன் அதை ஊரெல்லாம் பறையறைந்து சொல்ல வைத்தான். செங்கோடன் கள்ளை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் கருமாதிக்கு ஒருவரும் வரவில்லை. பறை சொன்னதை ஊர் நம்பிவிட்டது.

மாசிலாமணி தங்கை வீட்டுக்குப் போனான். "பூவாயி, மச்சானோட பூச்சுக் கரணையக் குடு."

"எதுக்கு? அரமனையில வெச்சுச் சிரிக்கவா?"

அவன் கையை நீட்டினான். அவள் உள்ளே போய்ச் சுண்ணாம்பு காய்ந்த கரணையைக் கொண்டுவந்தாள். "அண்ணே, எனக்கு நகைநட்டு எதுவும் வேணாம். குடிகாரன்னு பறையடிச்சாங்கல்ல, இல்லேன்னு ஒரே ஒரு தடவ அடிக்கச் சொல்லு. உன்னால முடியுமா?"

"பாக்கறேன்," என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் சபை படியடியில் கூடியது. மேல் சாளரத்திலிருந்து ஒரு மெல்லிய கயிறு. அதன் நுனியில் அந்தப் பழைய கரணை. வேறொன்றும் இல்லை.

"சுவருக்கு மூக்குத்தியா?" என்றார் பிரதானி. சபை குலுங்கிச் சிரித்தது.

மாசிலாமணி வாசல் பக்கம் கை காட்டினான். நகரத்துக் கொத்தனார்கள் பன்னிரண்டு பேர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். வேலை முடிந்த பிறகு அவர்களை யாரும் அந்த வாசலுக்குள் விட்டதில்லை. முன்னால் ஏறிய மூத்தவர் இருளப்பர் பாதிப் படியில் கரணையைப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில், உச்சியில் இருந்த மூன்று கறுப்புத் துளைகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். தலைத்துண்டை அவிழ்த்து, தலை குனிந்தார். பின்னால் வந்த பதினொரு பேரும் அப்படியே நின்றார்கள்.

அரசன் திகைத்தான். "எதைக் கண்டார்கள்?"

"பிரபு, அந்தத் துளைகள் எதற்கென்று தங்களுக்குத் தெரியுமா?"

"காற்றுக்கு என்று பிரதானி சொன்னார்."

"சாரக்கம்பு செருகிய துளைகள், பிரபு. சாரத்தை உச்சியிலிருந்துதான் பிரிப்பார்கள். கம்பை உருவ உருவத் துளையைப் பூசிக்கொண்டே இறங்குவார்கள். கடைசியில் மூடுவது அடித்துளையை. இங்கே அடியெல்லாம் மூடியிருக்கிறது, உச்சி திறந்திருக்கிறது. தங்கள் பிறந்தநாளுக்குள் வாசல் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று, ஆள் மேலே நிற்கும்போதே பிரதானியின் ஆட்கள் கீழே பிரித்துவிட்டார்கள். செங்கோடன் குடிக்கவில்லை. அவன் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை." மாசிலாமணி கொத்தனார்கள் பக்கம் திரும்பினான். "வாயடைத்தார்கள், தலை குனிந்தார்கள், சுவர் யாரால் எழுந்தது என்று கேட்காமலே தெரிந்துகொண்டார்கள். ஆணி இல்லை, வண்ணம் இல்லை, சாரம் இல்லை."

பிரதானிக்கு வியர்த்து ஊற்றியது. அரசன் அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பலே, மாசிலாமணி! தோண்டிய குழியில் தோண்டியவரையே தள்ளிவிட்டாயே! சோலையப்பரே, யாரையாவது கயிற்றில் இறக்கி அந்தத் துளைகளை நாளைக்கே அடைத்துவிடும்."

பிரதானிக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். சபையும் சேர்ந்து சிரித்தது. பன்னிரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அரசன் தன் பொற்காப்பைக் கழற்றி மாசிலாமணியின் கையில் மாட்டினான்.

"பிரபு, காப்பு வேண்டாம். அந்தப் பறையைத் திருத்தி ஒருமுறை..."

"அரசன் அறைந்த பறை அறைந்ததுதான். அதை மாற்ற எவனாலும் முடியாது, என்னாலும் முடியாது. வேறு கேள்."

மாசிலாமணி பல்லைக் காட்டினான். அதுதானே அவன் பிழைப்பு! "அப்படியானால், தாங்கள் எனக்குக் காப்பு அளித்ததையாவது பறையறையச் சொல்லுங்கள். என்ன காரணத்துக்காக என்பதையும் சேர்த்து."

தன் கொடையை ஊர் கேட்பதென்றால் அரசனுக்குக் கொள்ளை ஆசை. "வாசகத்தை நீயே எழுது!" என்றவன், எழுதியதைப் படித்துப் பார்க்காமலே முத்திரை வைத்தான்.

அன்று மாலை தெருத் தெருவாகப் பறை முழங்கியது. "குடிக்காமல் ஏறி, பிரதானியின் ஆட்கள் சாரத்தைப் பிரித்ததால் விழுந்து மாண்ட கொத்தனார் செங்கோடனின் கரணையால் அரண்மனைச் சுவரை அலங்கரித்ததற்காக, விகடகவி மாசிலாமணிக்கு மன்னர் பொற்காப்பு அளித்தார்!"

விஷயம் காதுக்கு எட்டியதும் அரசன் இன்னொரு முறை சிரித்தான். "திருட்டுப் பயல், என்னையும் ஏமாற்றிவிட்டான்!" என்று ஒரு சால்வையும் கொடுத்தனுப்பினான். அறைந்த பறை அறைந்ததுதான் என்று அவனே சொல்லியிருந்தானே.

மாசிலாமணி போனபோது பூவாயியின் வாசலில் ஊரே கூடியிருந்தது. துக்கம் கேட்க இரண்டு மாதம் கழித்து வந்திருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, அண்ணன் கையையே பார்த்தாள்.

"அவரு குடிக்கலன்னு சொல்றதுக்கு, உன் கையில தங்கம் போட வேண்டியிருந்துச்சா அண்ணே?"

மாசிலாமணி காப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை. வெகுநேரம் அது அங்கேயே கிடந்தது. பிறகு அவனே எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டான். காலையில் சபைக்குப் போக வேண்டும். காப்பு எங்கே என்று அரசன் கேட்பான்.