கரை வேட்டிக்குக் கிடைத்த பதில்

இடைத்தேர்தல் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த கட்சிப் பொறுப்பாளர் பரஞ்சோதி, வந்த அன்றே தன் கட்சிக் கரை வேட்டியோடு கடைத்தெரு முழுக்க விசாரித்தார். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "உங்க கட்சிதாண்ணே ஜெயிக்கும்!"

பூரித்துப்போய்த் திரும்பியவரைப் பார்த்து, முக்கில் இஸ்திரி வண்டி போட்டிருந்த வெள்ளத்தாய் சிரித்துவிட்டாள்.

"என்ன நக்கலா? ஊர் மனசு உனக்குத்தான் தெரியுமோ? அது என்னன்னு இன்னைக்குள்ள சொல்லு. இல்லைன்னா இந்த வண்டி இங்க நிக்காது."

எல்லாக் கட்சி வேட்டியும் அவளிடம்தான் தேய்க்க வரும். எதிர்க்கட்சிக் கரை போட்ட ஒன்றை உருவி நீட்டினாள்.

"இதைக் கட்டிக்கிட்டு அதே தெருவுல கேட்டுட்டு வாங்கண்ணே."

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீம்புக்குப் போனார். காலையில் பேசிய அதே டீக்கடைக்காரர், அதே பூக்காரம்மா. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார்கள். "உங்க கட்சிதாண்ணே ஜெயிக்கும்!"

பரஞ்சோதி தொங்கிய முகத்தோடு வந்து நின்றார். "வண்டி இங்கயே நிக்கட்டும் தாயி. நீயாவது உள்ளதைச் சொல்லு. யாரு ஜெயிப்பா?"

வெள்ளத்தாய் அவர் இடுப்பைப் பார்த்தாள். எதிர்க்கட்சி வேட்டியை அவர் இன்னும் மாற்றவில்லை.

"இதுல என்னண்ணே சந்தேகம்? உங்க கட்சிதான்!"