உள்ளே இருந்த பட்டியல்

குன்றூரை ஆண்ட பூபதிராயருக்கு நாற்பது யானைகள். நாற்பதுக்கும் சேர்த்து வைத்தியச் சுவடி ஒன்றே ஒன்றுதான். அது யானைகளைக் கட்டும் கொட்டாரத்து மண்டபத்தில் ஒரு பலகையின் மேல் திறந்தே கிடக்கும். எந்தப் பாகனும் படிக்கலாம், படியெடுக்கலாம், தான் கண்ட மருந்தை ஓலையில் எழுதிக் கோக்கலாம். மூன்று தலைமுறைப் பாகன்கள் எழுதிச் சேர்த்த சுவடி அது.

அந்த மண்டபத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவடி விஷயத்தில் ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் கோரிக்கையை ஓலையில் எழுதித் தூண் கயிற்றில் கட்ட வேண்டும். சபை சம்மதித்தால், கேட்டவரே அந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டும். அதனால் கோரிக்கைகள் அதிகம் வருவதில்லை. வேலை தன் தலையில் விழும் என்றதும் பலருக்கு இருக்கிற ஏற்பாடே நன்றாகத்தான் தோன்றும்.

ஒரு நாள் அமைச்சர் அரங்கராயரே ஒரு கோரிக்கை ஓலையைக் கட்டினார். காரணம் இருந்தது. யானைக்குப் பத்தடி தள்ளியே நின்று பழகிய அவர், யானைக் காய்ச்சலுக்கு ஒரு மருந்து எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் மாதேவன் என்ற பாகன், 'கொடுத்துப் பார்த்தேன். யானை இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை' என்று எழுதிக் கோத்துவிட்டான். போதாததற்குக் கீழே தன் பெயரையும் போட்டிருந்தான்.

சபையில் அரங்கராயர் விளக்கினார். "கண்டவனும் படிக்கிறான், கண்டவனும் எழுதுகிறான், மகாராஜா. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவன் வீட்டில் சுவடியின் படி இருந்தாலும் குற்றம். இருபது கசையடி கொடுத்து நாட்டைவிட்டே அனுப்ப வேண்டும்."

ராஜா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கூத்தப்பரைப் பார்த்தார். சபையில் வாய்த்துடுக்குக்குப் பெயர்போனவர் கூத்தப்பர். சுவடிக்குப் பொறுப்பும் அவரே.

"நல்ல யோசனை மகாராஜா," என்றார் கூத்தப்பர். "வழக்கப்படி கேட்டவரே செய்யட்டும்." ராஜாவும் சபையும் சம்மதித்தார்கள்.

அரங்கராயர் சளைக்கவில்லை. இரும்புக் கதவு போட்ட அறை கட்டினார். பன்னிரண்டு பெயர்கள் கொண்ட பட்டியலைத் தன் கையாலேயே எழுதினார். உள்ளூர்க் காவலன் முகதாட்சண்யம் பார்ப்பான் என்று எல்லைப் பக்கத்திலிருந்து சடையன் என்பவனை வரவழைத்துச் சாவியைக் கொடுத்தார். 'மகாராஜாவே வந்தாலும் பட்டியலைப் பார்க்காமல் கதவைத் திறக்கக்கூடாது' என்று ஓர் உத்தரவு எழுதி, அதிலும் கசையடி விதியிலும் ராஜமுத்திரை வாங்கினார். பூட்டும் நாளன்று கூத்தப்பர் எட்டிப் பார்த்தார்.

"பட்டியலும் உள்ளேதானா?"

"பின்னே? வெளியே வைத்தால் கண்டவனும் அதில் தன் பெயரை எழுதிக்கொள்வான். இதெல்லாம் உமக்குப் புரியாது."

"புரியாதுதான்," என்று கூத்தப்பர் ஒப்புக்கொண்டார்.

இருபது நாள் போயிருக்கும். அதுவரை யாரும் சுவடி கேட்டு அந்தப் பக்கம் வரவில்லை. பட்டத்து யானை சிங்காரி வயிறு உப்பிப் படுத்துவிட்டாள். அவளுடைய பாகன் அந்த மாதேவன்தான். தகவல் தெரிந்ததும் ராஜா பதறிப்போய் அமைச்சரை இழுத்துக்கொண்டு அறை வாசலுக்கு ஓடினார். கூத்தப்பரும் பின்னாலேயே போனார்.

"கதவைத் திற," என்றார் அரங்கராயர்.

"சாமி பேரு பட்டியல்ல இருக்குங்களா?" என்றான் சடையன்.

"பட்டியலை எழுதியதே நான்தானடா."

"இருக்கலாம் சாமி. ஒரு தடவை பார்த்துட்டுத் திறக்கறேன். பட்டியல் எங்கே?"

"உள்ளே."

"உள்ளே போக என் பேரு இருக்குங்களா?"

"காவல்காரன் பெயர் எதற்கடா பட்டியலில்?"

"அப்போ நான் உள்ளே போகக்கூடாதே சாமி."

"நான் ராஜா சொல்கிறேன், திற," என்றார் பூபதிராயர். சடையன் மரியாதையாகக் குனிந்து, முத்திரை போட்ட உத்தரவை நீட்டினான். தன் முத்திரையைத் தானே மீறுவதா என்று ராஜா தவித்துக்கொண்டிருந்தபோது கொட்டாரத்திலிருந்து ஆள் வந்தான். சிங்காரி எழுந்து நின்றுவிட்டாளாம். தழையும் தின்கிறாளாம்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "யார் மருந்து கொடுத்தது?"

"மாதேவன், மகாராஜா. வீட்டில் பழைய படி ஒன்று வைத்திருந்தானாம்."

மாதேவனை அழைத்துவந்தார்கள். அவன் கையில் இன்னும் மருந்துருண்டையின் பெருங்காய வாசனை போகவில்லை. கைகூப்பி, "குற்றம்னு தெரியும் மகாராஜா. அவ அழறதைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியலை," என்றான்.

அரங்கராயர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒப்புக்கொண்டான், மகாராஜா. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். இருபது கசையடி. பிறகு எல்லைக்கு அப்பால்."

ராஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். யானையைக் காப்பாற்றியவனை எப்படி அடிப்பது? தானே முத்திரை வைத்த விதியை எப்படி விடுவது?

"அமைச்சர் சொல்வது நியாயம்," என்றார் கூத்தப்பர். மாதேவனுக்கு உயிரே போய்விட்டது. "பட்டியலில் பெயர் இல்லாதவன் வைத்திருந்தால்தானே குற்றம்?"

"ஆமாம்," என்றார் அரங்கராயர்.

"இவன் பெயர் இல்லையா?"

"இல்லவே இல்லை."

"பார்த்துச் சொல்லுங்கள்."

அரங்கராயர் கதவைப் பார்த்தார். சடையனைப் பார்த்தார். "நான் எழுதியது எனக்குத் தெரியாதா?" என்றார் குரலிறங்கி.

"சற்றுமுன் இதையேதான் காவலனிடமும் சொன்னீர்கள்," என்றார் கூத்தப்பர். "அவன் ஏற்கவில்லை. பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு கதவையே திறக்கக்கூடாது என்றால், ஒருவன் முதுகைக் கிழிக்கலாமா? கொண்டுவாருங்கள், படித்துப் பார்ப்போம். அதுவரை கசையைக் கீழே வைக்கலாம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தோளிலிருந்த சால்வையை எடுத்து மாதேவனுக்குப் போர்த்தினார். அவன் வீட்டுப் படியையே மண்டபத்துப் பலகையில் விரித்து வைக்கச் சொன்னார். கூத்தப்பருக்குக் கைநிறையப் பொன் கிடைத்தது.

"இந்த அறையை என்ன செய்யலாம், கூத்தப்பா? காவலை எடுத்துவிடவா?"

"வேண்டாம் மகாராஜா," என்றார் கூத்தப்பர். "அமைச்சரின் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆள் சடையன்தான். அவன் வேலையைப் பறித்துவிடாதீர்கள்."