என்கிட்ட இல்ல

“உனக்கும் மாசம் மூவாயிரம்தான், எனக்கும் மூவாயிரம்தான். எனக்கு மட்டும் ஏன்டி பன்னிரண்டாம் தேதியே தீர்ந்துபோகுது?”

விடுதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாவிடம் கயல்விழி கேட்டாள். இருவரும் ஒரே அறை. கல்லூரிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

“எதுல போகுது?”

“பிறந்தநாள், சினிமா, ஆட்டோவுக்குப் பங்கு. எல்லாரும் கொடுக்கும்போது நான் மட்டும் எப்படி?” கயல் குரலைத் தாழ்த்தினாள். “பரீட்சைக் கட்டணத்துக்கு அப்பா அனுப்பினதுலயும் கை வெச்சுட்டேன். ஐந்நூறு குறையுது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

ஜெசிந்தா திட்டவில்லை.

“அவசரத்துக்குன்னு மாசம் இருநூறு தனியா எடுத்து வெச்சிருக்கேன். அதுல தர்றேன். மெதுவாக் கொடு.”

கயல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, அடுத்த மாசம் என்ன பண்ணுவே?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

கயல் உதட்டைப் பிதுக்கினாள்.

“அவங்க கேட்டா ‘என்கிட்ட இல்ல’ன்னு சொல்லு. இப்போ சொல்லிப் பாரு.”

கயல் வாயைத் திறந்தாள். வரவில்லை.

“எனக்கும் முதல்ல வரல,” என்றாள் ஜெசிந்தா. “குளியலறையில நின்னு தனியாச் சொல்லிப் பார்த்தேன்.”

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அனுசூயா அறைக்குள் வந்தாள். அவர்கள் கூட்டத்தில் எதையும் முன்னின்று நடத்துவது அவள்தான். பின்னாலேயே நான்கைந்து பேர்.

“ஞாயிற்றுக்கிழமை நம்ம ரோகிணிக்குப் பிறந்தநாள். பெரிய ஹோட்டல். தலைக்கு அறுநூறு. சரியா?”

எல்லாரும் தலையாட்டினார்கள்.

கயல் ஜெசிந்தாவைப் பார்த்தாள். அவள் தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட இல்ல,” என்றாள் கயல்.

காது சுட்டது. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“விளையாடாதடி,” என்றாள் ஒருத்தி.

“நிஜமா இல்ல. பரீட்சைக் கட்டணமே கடன் வாங்கித்தான் கட்டினேன்.”

சுவரோரம் நின்ற அபிநயா மெல்லச் சொன்னாள்: “எனக்கும் கஷ்டம்தான்.”

“எனக்கும்தான்,” என்றது இன்னொரு குரல்.

அனுசூயா ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தாள். கோபமோ என்று கயலுக்குப் பயம் வந்தது.

அனுசூயா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

“என் பங்குக்கு நாளைக்கு இந்தக் கம்மலை அடகு வைக்கப் போறதா இருந்தேன்டி.”